எங்கே போயிற்று அந்த 720 பாகை?

தடித்த தாள், கவராயம், அளவுகோல், கத்தரிக்கோல், கொஞ்சம் பசை ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படிக்கத் தொடங்குங்கள். தாளுக்காகக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. சென்ற ஆண்டு நாள்காட்டியின் அட்டையோ, வீட்டில் சேர்ந்து கிடக்கும் திருமண அழைப்பிதழ்களோ போதும். கண்ணால் மட்டும் படித்தால் இதில் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி கைகளுக்கு உரியது.

முதலில் 6 செ.மீ. ஆரமுள்ள வட்டம் ஒன்று வரையுங்கள். கவராயத்தின் அளவை மாற்றாமல் பரிதியைச் சுற்றிக் குறித்துக்கொண்டே வந்தால் சரியாக ஆறு புள்ளிகள் கிடைக்கும். அடுத்தடுத்த புள்ளிகளை இணைத்தால் ஓர் அறுகோணம். ஒவ்வொரு புள்ளியையும் மையத்தோடு இணைத்தால் ஆறு சமபக்க முக்கோணங்கள். அறுகோணத்தை வெட்டி எடுத்துக்கொண்டு, மையத்திலிருந்து செல்லும் கோடுகளின் மேல் மை தீர்ந்துபோன பேனா முனையால் அழுத்திக் கீறுங்கள். அப்போதுதான் மடிப்பு நேராக விழும். இனி, ஏதாவது ஒரு கோட்டின் வழியே ஓரத்திலிருந்து மையம் வரை வெட்டிவிடுங்கள்.

ஆறு முக்கோணங்களும் மேசை மீது படிந்து கிடக்கின்றன. மையத்தைச் சுற்றி 6 × 60 = 360 பாகை. இப்போது வெட்டிய இடத்தில் ஒரு முக்கோணத்தை அடுத்த முக்கோணத்தின் அடியில் நுழையுங்கள். தாள் உடனே மேசையை விட்டு எழுகிறது. ஐந்து பக்கமுள்ள தாழ்ந்த கூடாரம் ஒன்று நிற்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் அது மறுபடி படியாது. இரண்டு முக்கோணங்களை நுழைத்தால் கூடாரம் உயர்கிறது. மூன்றை நுழைத்தால் கூரிய முனையோடு நிற்கிறது. நான்கையும் நுழைத்தால் எஞ்சிய இரண்டு முக்கோணங்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து மூடிக்கொள்கின்றன. உள்ளே காற்றுக்குக்கூட இடமில்லை.

முதல் முறை நாம் மறைத்தது 60 பாகை, அடுத்து 120, பிறகு 180. ஒரு முனையில் கூடும் முகங்களின் கோணங்களைக் கூட்டி, அதை 360-லிருந்து கழித்தால் கிடைப்பதை அம்முனையின் 'கோணக்குறை' என்று அழைப்போம். குறை அதிகமானால் முனை கூர்மையாகும். குறை பூச்சியமானால் முனையே இல்லை, சமதளம்தான். கடற்கரையில் சுண்டல் விற்பவர் தாளைச் சுருட்டிக் கூம்புப் பொட்டலம் செய்கிறாரே, அவரும் ஒரு கோணக்குறையைத்தான் உண்டாக்குகிறார். சுருட்டலின் அடியில் எவ்வளவு தாள் மறைகிறதோ அவ்வளவு குறுகலாகிறது கூம்பு; அவ்வளவு குறைகிறது சுண்டல்!

இது வரை புதிதாக எதுவும் சொல்லவில்லை. இனிமேல்தான் வேடிக்கை.

ஒரு கணக்கு, ஒரே விடை

கனசதுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தாயக்கட்டையில் சதுரமான வகை இருந்தால் அதுவே போதும். ஒவ்வொரு முனையிலும் மூன்று சதுரங்கள் கூடுகின்றன. கோணங்களின் கூட்டுத்தொகை 270, குறை 90. முனைகள் எட்டு. மொத்தக் குறை 8 × 90 = 720 பாகை.

சமபக்க முக்கோணங்கள் நான்கை ஒட்டி நான்முகி செய்யுங்கள். ஒரு முனையில் 3 முக்கோணங்கள், குறை 180. முனைகள் 4. மொத்தம் 720.

எட்டு முக்கோணங்களால் ஆன எண்முகியில் ஒரு முனைக்கு 4 முக்கோணங்கள், குறை 120, முனைகள் 6. மொத்தம் 720. இருபது முக்கோணங்களால் ஆன இருபதுமுகியில் ஒரு முனைக்கு 5 முக்கோணங்கள்; நாம் முதலில் செய்த தாழ்ந்த கூடாரமேதான். குறை 60, முனைகள் 12. மறுபடியும் 720.

ஒழுங்கு ஐங்கோணங்களால் ஆன பன்னிருமுகியின் முனைகளை எண்ணிப் பாருங்கள் என்று சொன்னால், நிச்சயம் நடுவில் எண்ணிக்கை தவறிவிடும். எண்ணவே வேண்டாம். ஐங்கோணத்தின் கோணம் 108; ஒரு முனையில் மூன்று சேர்ந்தால் 324; குறை 36. மொத்தம் 720 வர வேண்டும் என்றால் முனைகள் 720 ÷ 36 = 20. செய்து வைத்துக்கொண்டு எண்ணுங்கள், இருபதுதான். விளிம்புகளையும் அப்படியே கண்டுபிடிக்கலாம். முனைக்கு மூன்று விளிம்புகள் வீதம் 60. ஒவ்வொரு விளிம்புக்கும் முனைகள் இரண்டாதலால் அதில் பாதி, 30.

'இவை எல்லாம் ஒழுங்கான உருவங்கள்; அதனால்தான் இப்படி வருகிறது' என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான சந்தேகம். ஒழுங்கற்றவற்றையும் சோதித்துவிடுவோம்.

சதுர அடியும் நான்கு சமபக்க முக்கோணங்களும் கொண்ட பிரமிடு ஒன்று செய்யுங்கள். உச்சியில் குறை 120. அடியின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சதுரக் கோணமும் இரண்டு முக்கோணக் கோணங்களும் சேர்ந்து 210, குறை 150. நான்கு மூலைகளுக்கு 600. உச்சியையும் சேர்த்தால் 720.

அடுத்து, உங்கள் விருப்பம்போல் ஒரு குறுங்கோண முக்கோணம் வரையுங்கள். மூன்று பக்கங்களும் வெவ்வேறு நீளமாக இருக்கட்டும். பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்து, அக்கோடுகளில் மூன்று மூலைகளையும் மேலே மடித்தால் மூன்றும் ஒரே புள்ளியில் சந்தித்து, ஒரு கோணலான நான்முகி கிடைக்கும். அதன் எந்த முனையில் பார்த்தாலும் முக்கோணத்தின் மூன்று வெவ்வேறு கோணங்களும் ஒருமுறை வந்திருக்கும், அதாவது 180. குறையும் 180, முனைகள் 4. இதையே செங்கோண முக்கோணத்தில் செய்தால் நான்முகி தட்டையாகப் படிந்துவிடும். விரிகோண முக்கோணத்திலோ மூலைகள் சந்திக்கவே சந்திக்காது. ஏன் என்று யோசித்து வையுங்கள்.

நேரான பட்டகங்களில் இந்த 720 எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். பட்டகத்தின் எந்த முனையிலும் அடிப்பக்க உருவத்தின் ஒரு கோணமும் இரண்டு செங்கோணங்களும் கூடுகின்றன. ஆகவே குறை = 180 − அடிக்கோணம். இது என்ன? அந்த மூலையின் வெளிக்கோணம்! குவிந்த பலகோணம் எதுவாயினும் வெளிக்கோணங்களின் கூட்டுத்தொகை 360 என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். மேலே ஒரு 360, கீழே ஒரு 360. ஓட்டுக்கூரை வீட்டின் வடிவத்தை அட்டையில் செய்தாலும், எட்டுப்பட்டைப் பென்சிலின் ஒரு துண்டை எடுத்தாலும் இதே கதைதான்.

மூலையை வெட்டினால்?

குறையை எப்படியாவது குறைத்துவிட முடியுமா? கனசதுரத்தின் ஒரு மூலை 90 பாகைக் குறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த மூலையையே வெட்டி எறிந்துவிட்டால்? பழைய சோப்புக் கட்டி ஒன்றைக் கனசதுரமாகச் சீவி, ஒரு மூலையிலிருந்து மூன்று விளிம்புகளிலும் சம தூரத்தில் புள்ளி வைத்து, அவற்றின் வழியே கத்தியால் வெட்டுங்கள். பழைய முனை ஒழிந்தது. ஆனால் அந்த இடத்தில் புதிதாக மூன்று முனைகள் முளைத்துவிட்டன. ஒவ்வொன்றிலும் இரண்டு 135 பாகைக் கோணங்களும், வெட்டுமுகத்தின் 60 பாகையும் கூடுகின்றன. மொத்தம் 330, குறை 30. மூன்றுக்கும் சேர்த்து? அதே 90.

சாய்வாக, தாறுமாறாக வெட்டினால் என்ன ஆகும்? புதிய முனை ஒன்றில், வெட்டப்பட்ட இரு செங்கோண முக்கோணங்களின் கோணங்கள் ச, த என்றும், வெட்டுமுகத்தின் கோணம் ப என்றும் கொள்வோம். அங்கே கூடுபவை 180 − ச, 180 − த, ப ஆகிய மூன்றும். குறை = ச + த − ப. மூன்று முனைகளையும் கூட்டுங்கள். ச, த வகையில் வருபவை மூன்று செங்கோண முக்கோணங்களின் குறுங்கோணங்கள் ஆறும்; அவற்றின் கூட்டுத்தொகை 3 × 90 = 270. ப வகையில் வருபவை வெட்டுமுக முக்கோணத்தின் கோணங்கள், கூட்டுத்தொகை 180. கழித்தால் 90. கத்தி எந்தச் சாய்வில் போனாலும் வெட்டுண்ட முனை தன்னிடம் இருந்ததைப் பைசா குறையாமல் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுவிட்டுத்தான் மறைகிறது!

வெட்ட வேண்டாம், உள்ளே தள்ளிவிடுவோம். தாளால் செய்த கனசதுரத்தில் அதே மூன்று புள்ளிகளை இணைக்கும் கோடுகளை மூன்று முகங்களிலும் கீறி, மூலையை விரலால் உள்ளே அழுத்துங்கள். 'டப்'பென்று குழிந்துவிடும். குழியின் விளிம்பிலுள்ள புதிய முனை ஒன்றைப் பாருங்கள். 135, 135, 45, 45, கூட்டினால் 360. குறை பூச்சியம். குழியின் அடியில் இருக்கும் பழைய மூலையிலோ மூன்று செங்கோணங்கள் அப்படியே இருக்கின்றன, குறை 90. மொத்தத்தில் மாற்றமே இல்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம். தாளை நாம் கிழிக்கவில்லை, ஒட்டவில்லை, இழுத்து நீட்டவும் இல்லை, வெறுமனே மடித்தோம். மடிப்பினால் தாளின் மேல் வரைந்த கோணம் மாறுவது எப்படி? எளிதாகத் தோன்றும் இதே கருத்தை வளைந்த பரப்புகளுக்கும் பொருந்தும்படி ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827-இல் நிறுவியபோது, வடிவகணிதத்தில் ஒரு புதிய வாயிலே திறந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இக்கோணங்களைப் பாகைமானியால் அளந்து கூட்டினால் பெரும்பாலும் 720 வராது. 714 வரும், 725 வரும். அப்போது நோட்டுப் புத்தகத்தில் 720 என்று திருத்தி எழுதிவிடாதீர்கள்! ஒவ்வொரு முகத்தின் கோணங்களையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். முக்கோணம் என்றால் 180, நாற்கரம் என்றால் 360 வர வேண்டும். எந்த முகத்தில் உதைக்கிறதோ அங்கேதான் உங்கள் பாகைமானி நழுவியிருக்கிறது.

ஏன் 720?

உதாரணங்கள் எத்தனை அடுக்கினாலும் அவை நிரூபணம் ஆகா. ஆயிரத்து ஒன்றாவது உருவம் 719 தராது என்று எப்படிச் சொல்வது?

முதலில் ஒட்டும் வேலையையே கவனிப்போம். ஒரு பன்முகியை முகம் முகமாக ஒட்டிக்கொண்டு வருகிறீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 'முனைகள் − விளிம்புகள் + முகங்கள்' என்ற எண்ணைக் குறித்து வாருங்கள். முதல் முகம் ஐங்கோணமானால் 5 − 5 + 1 = 1. முக்கோணமானால் 3 − 3 + 1, அதுவும் 1. அடுத்த முகத்தை ஒட்டும்போது அதன் சில விளிம்புகள் ஏற்கெனவே உள்ள விளிம்புகளோடு ஒன்றாகிவிடும். உதாரணமாக, ஓர் ஐங்கோணத்தை ஒரு விளிம்பில் ஒட்டினால் புதிதாகச் சேர்பவை 3 முனைகள், 4 விளிம்புகள், 1 முகம். 3 − 4 + 1 = 0. அடுத்தடுத்த இரண்டு விளிம்புகளில் ஒட்டினால் புதிதாக 2 முனைகள், 3 விளிம்புகள், 1 முகம். மீண்டும் பூச்சியம். தொடர்ச்சியாக எத்தனை விளிம்புகளில் ஒட்டினாலும் புதிய விளிம்புகள் புதிய முனைகளைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும். அந்த ஒன்றைப் புதிய முகம் ஈடுகட்டிவிடும். ஆகவே எண் 1-லேயே நிற்கிறது. கடைசி முகம் மட்டும் மூடிபோல் வந்து அமர்கிறது. அதனால் புதிய முனையும் இல்லை, புதிய விளிம்பும் இல்லை. முகம் மட்டும் ஒன்று கூடுகிறது. எண் 2 ஆகிறது. குவிந்த பன்முகி எதுவானாலும் இந்த எண் 2 என்பதை, சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆய்லர் 1750-இல் தம் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார்.

இனிக் கோணங்களுக்கு வருவோம். ஒரு முகத்தின் கோணங்களின் கூட்டுத்தொகை, பக்கங்களின் எண்ணிக்கையை 180-ஆல் பெருக்கி 360-ஐக் கழித்தால் வரும். எல்லா முகங்களுக்கும் இதைக் கூட்டுங்கள். ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முகங்களுக்குப் பக்கமாக இருப்பதால், பக்கங்களின் மொத்த எண்ணிக்கை விளிம்புகளின் இரு மடங்கு. ஆகவே,

எல்லா முகக் கோணங்களின் கூட்டுத்தொகை = 360 × விளிம்புகள் − 360 × முகங்கள்.

ஒவ்வொரு முனையிலும் முழுதாக 360 இருந்திருந்தால் 360 × முனைகள் இருந்திருக்கும். குறை என்பது இவ்விரண்டின் வித்தியாசம்:

மொத்தக் குறை = 360 × (முனைகள் − விளிம்புகள் + முகங்கள்) = 360 × 2 = 720.

பக்க நீளம் எங்கும் வரவில்லை, கோணத்தின் அளவும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

ஆற்றில் மூழ்கிய காகிதங்கள்

இந்த உண்மையை ஆய்லருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே ஒருவர் எழுதி வைத்திருந்தார். வரைபடத் தாளில் இரண்டு அச்சுகள் வரைந்து புள்ளிகளைக் குறிக்கிறோமே, அந்த முறையோடு பெயர் இணைந்திருக்கும் பிரெஞ்சு நாட்டு டெகார்ட்தான் அவர். பலகோணத்தின் வெளிக்கோணங்கள் சேர்ந்து நான்கு செங்கோணங்கள் ஆவதுபோல, திண்மத்தின் முனைகளில் உள்ள குறைகள் சேர்ந்து எட்டுச் செங்கோணங்கள் ஆகும் என்பது அவர் கண்டது. 8 × 90 எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் அவர் அதை அச்சிடவில்லை. சுவீடன் நாட்டு அரசி கிறிஸ்டினாவின் அழைப்பை ஏற்று ஸ்டாக்ஹோம் சென்ற டெகார்ட், 1650 பிப்ரவரியில் அங்கேயே காலமானார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் ஒரு பெட்டியில் அடைக்கப்பட்டுப் பிரான்சுக்குத் திரும்பின. பாரிசை நெருங்கும் வேளையில் அப்பெட்டியை ஏற்றி வந்த படகு சேன் ஆற்றில் மூழ்கிவிட்டது! மூன்று நாள் தண்ணீரில் கிடந்த காகிதங்களை எடுத்துப் பிரித்து உலர்த்தினார்கள். 1676-இல் பாரிசில் இருந்த லைப்னிட்ஸ் அவற்றில் சிலவற்றைப் பார்த்து, திண்மங்களைப் பற்றிய சிறு குறிப்பைத் தம் கையால் படியெடுத்துக்கொண்டார். டெகார்ட்டின் மூலப்பிரதி பிறகு காணாமலே போயிற்று. லைப்னிட்சின் படியும் ஜெர்மனியின் ஹானோவர் நகர நூலகத்தில் அவருடைய காகிதக் குவியலுக்குள் புதைந்து கிடந்து, 1860-இல்தான் அச்சேறியது. அதற்குள் ஆய்லர் இறந்தே எழுபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் குறிப்பிலிருந்து ஆய்லரின் சூத்திரத்தை ஓரிரு வரிகளில் வருவித்துவிடலாம் என்பதால், 'முதலில் கண்டவர் யார்?' என்ற வழக்கு கணித வரலாற்றாசிரியர்களிடையே நெடுநாள் நடந்தது. என்னைக் கேட்டால், விளிம்புகளை எண்ண வேண்டும் என்று தோன்றியவருக்கே அந்தச் சூத்திரம் உரியது. அதைச் செய்தவர் ஆய்லர்.

பன்னிரண்டு ஐங்கோணங்கள்

இனி ஒரு கால்பந்தை எடுத்துப் பாருங்கள். 1970-ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியால் உலகெங்கும் பரவிய கறுப்பு வெள்ளைப் பந்து. வெள்ளை அறுகோணங்கள் 20, கறுப்பு ஐங்கோணங்கள் 12. தையல்கள் கூடும் எந்த இடத்திலும் இரண்டு அறுகோணங்களும் ஓர் ஐங்கோணமும் இருக்கின்றன. 120 + 120 + 108 = 348. குறை 12 பாகை. ஆகவே முனைகள் 720 ÷ 12 = 60.

ஐங்கோணங்கள் ஏன் 12? பத்து போட்டு, அறுகோணங்களை அதிகமாக்கிப் பந்து தைக்க முடியாதா? முடியாது. முனைக்கு மூன்று முகங்கள் கூடும்போது, ஒவ்வொரு முகமும் 120 பாகை தந்தால் குறையே இராது. அறுகோணத்தின் ஆறு கோணங்கள் சேர்ந்து 720. 6 × 120-ம் அதுவே. எனவே அறுகோணம் குறைக்கு எதையும் தருவதில்லை. ஐங்கோணத்தின் கோணங்கள் 540; இருக்க வேண்டியது 5 × 120 = 600. ஓர் ஐங்கோணம் 60 பாகைக் குறை தருகிறது. 720 வர வேண்டுமானால் 720 ÷ 60 = 12. அறுகோணங்கள் எத்தனை சேர்த்தாலும் பந்து பெரிதாகுமே தவிர, ஐங்கோணங்கள் பன்னிரண்டுதான். ஐங்கோணத்துக்குப் பதில் சதுரம் போட்டால் ஒவ்வொன்றும் 120 தரும். ஆறு சதுரங்கள் போதும். வேறு எதுவும் சேர்க்காமல் ஆறு சதுரங்கள் மட்டும் என்றால், அது நம் பழைய கனசதுரம்.

இது விளையாட்டுச் சாமான் விஷயம் மட்டுமன்று. 1985 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகிய மூவரும் அவர்களுடைய மாணவர்களும் கரி ஆவியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சரியாக 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகள் மற்றவற்றைவிட மிக அதிகமாகத் தென்பட்டன. அறுபது அணுக்கள் எந்த வடிவில் இணைந்தால் இவ்வளவு உறுதியாக நிற்கும்? பென்சில் கரியான கிராபைட்டில் கார்பன் அணுக்கள் அறுகோண வலையாக அமைந்திருப்பது முன்பே தெரிந்த செய்தி. ஸ்மாலி ஓர் இரவு வீட்டில் உட்கார்ந்து, தாளில் அறுகோணங்களை வெட்டி ஒட்டிப் பார்த்தார். மூடவில்லை. நமக்கு இப்போது காரணம் தெரியும்: அறுகோணங்களின் குறை பூச்சியம், எவ்வளவு ஒட்டினாலும் 720 சேராது. ஐங்கோணங்களும் இருக்கலாம் என்று குரோட்டோ சொல்லியிருந்தது அப்போது அவர் நினைவுக்கு வந்தது. ஐங்கோணங்களை வெட்டி இடையில் வைத்து ஒட்ட ஒட்ட, தாள் கிண்ணமாக வளைந்து, பந்தாக மூடிக்கொண்டது. முனைகள் 60. அந்த மூலக்கூறின் பெயர் பக்மின்ஸ்டர்ஃபுல்லரீன். மூவருக்கும் 1996-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

உருண்டையில் எங்கே குறை?

பந்தின் முனைகளை இன்னும் இன்னும் அதிகமாக்கினால் ஒவ்வொரு முனையின் குறையும் சிறுத்துக்கொண்டே போகும். 720 முனைகள் இருந்தால் சராசரியாக ஒரு பாகை. முழு உருண்டையில் முனையே இல்லை; 720 பாகையும் வெண்ணெய் தடவியதுபோல் பரப்பெங்கும் சமமாகப் பரவிக் கிடக்கிறது. பூமி உருண்டையில் வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு, 90 பாகை இடைவெளியில் இரண்டு தீர்க்கரேகைகள் வரையுங்கள். கிடைக்கும் முக்கோணத்தின் மூன்று கோணங்களும் செங்கோணங்கள்! கூட்டுத்தொகை 270, சமதள முக்கோணத்தைவிட 90 அதிகம். அந்த முக்கோணம் உருண்டையின் எட்டில் ஒரு பங்கு. 8 × 90 எவ்வளவு? விளையாட்டுப் பந்தானாலும் பூமியானாலும் மொத்தம் அதுவேதான்.

பூமியின் பரப்பு சுமார் 51 கோடி சதுர கிலோமீட்டர். 720 பாகை என்பது 720 × 3,600 = 25,92,000 விநாடி. வகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய 197 சதுர கி.மீ. பரப்புக்கு ஒரு விநாடி. பக்கத்துக்கு 50 கி.மீ. உள்ள ஒரு சமபக்க முக்கோணத்தின் பரப்பு ஏறத்தாழ 1,080 சதுர கி.மீ.; அதன் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைவிடச் சுமார் ஐந்தரை விநாடி அதிகம். இவ்வளவு சிறியதை யார் பொருட்படுத்துவார்கள் என்று நினைக்கிறீர்களா? 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து இந்திய நில அளவையைத் தொடங்கிய லாம்டன் பொருட்படுத்தினார். அரை டன் எடையுள்ள கோணமானியை ஆட்களைக் கொண்டு சுமந்து சென்று கோணங்களை அளந்த அவருடைய கணக்குகளில் இந்த விநாடிகளுக்கும் இடம் இருந்தது.

ஜன்னல் வைத்தால்

கடைசியாக, நம் சட்டத்தையே உடைக்கும் ஒரு மாதிரி செய்வோம். முதலில் தொடக்கத்தில் செய்த அறுகோணத்துக்குத் திரும்புங்கள். முக்கோணத்தை ஒளிப்பதற்குப் பதில், வெட்டிய இடத்தில் ஏழாவது முக்கோணம் ஒன்றைச் செருகி ஒட்டுங்கள். 420 பாகை! தாள் எழும்பவும் இல்லை, படியவும் இல்லை; குதிரைச் சேணம்போல் ஒரு பக்கம் மேலும் ஒரு பக்கம் கீழுமாக நெளிகிறது. இதன் குறை −60. அதாவது இது குறையே அன்று, மிகை.

இப்போது படத்துக்குச் சட்டம் போடுகிறோமே, அதுபோன்ற சதுரச் சட்டம் ஒன்றைக் கனமுள்ளதாக அட்டையில் செய்யுங்கள். முன்னும் பின்னும் நான்கு நான்கு சரிவகங்கள், வெளிச்சுவர் நான்கு, உட்சுவர் நான்கு. ஆக 16 முகங்கள். வெளி முனைகள் எட்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு சரிவகங்களின் 45 பாகைகளும் இரண்டு செங்கோணங்களும் சேர்ந்து 270, குறை 90. மொத்தம் 720. உள் முனைகளும் எட்டு. அங்கே சரிவகக் கோணங்கள் 135, 135. உட்சுவர்கள் 90, 90. கூட்டினால் 450. குறை −90. எட்டுக்கும் −720.

ஆக மொத்தம் பூச்சியம்! 720 பாகையும் ஜன்னல் வழியே வெளியேறிவிட்டது. முனைகள் 16, விளிம்புகள் 32, முகங்கள் 16. 16 − 32 + 16-ம் பூச்சியம்தான். நம் நிரூபணத்தில் ஒட்டிக்கொண்டே வந்தோமே, அதில் எந்த இடத்தில் இந்தச் சட்டம் இடறுகிறது என்று ஒட்டும்போதே பார்த்துவிடுங்கள். சட்டம் வளையமாகி மூடும் இடத்தில் விரலை வைத்தால் அகப்பட்டுவிடும்.

அடுத்து, நடுவே ஒரு குறுக்குக் கட்டை வைத்து இரண்டு ஜன்னல்கள் உள்ள சட்டம் செய்து குறையைக் கூட்டுங்கள். வெளி முனைகள் எட்டேதான். உள் முனைகள் பதினாறு. விடை வந்ததும், அட்டையைத் தொடாமலே ஐந்து ஜன்னலுக்கு எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள்.